கடிகாரம் காட்டாத தூரம்

லிட்டில் இந்தியாவில் உள்ள பயண முகவர் ஒருவரிடம் நீங்கள் சென்னைக்குப் பயணச்சீட்டு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரிலிருந்து காலை 10.00 மணிக்குப் புறப்பாடு, சென்னைக்குக் காலை 11.30 மணிக்கு வருகை என்று சீட்டில் உள்ளது. அப்படியானால், பயணம் ஒன்றரை மணி நேரம்தானா?

இல்லை. சீட்டில் இருப்பவை அந்தந்த ஊரின் நேரங்கள். சென்னை நேரம், சிங்கப்பூர் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. சென்னையில் காலை 11.30 என்றால் சிங்கப்பூரில் பிற்பகல் 2.00. ஆகவே, பயண நேரம் நான்கு மணி. திரும்பும்போது நிலைமை தலைகீழாகும். சென்னையில் இரவு 11.30 மணிக்குப் புறப்படும் விமானம் நான்கு மணி நேரம் பறந்து வந்தாலும், இங்கு இறங்கும்போது காலை 6.00 மணி ஆகியிருக்கும். கடிகாரத்தை மட்டும் பார்த்தால் ஆறரை மணி நேரம் ஆனதுபோல் தோன்றும்.

இனி, நியூயார்க் பயணத்தைப் பார்ப்போம். அங்குக் கோடைக்காலத்தில் நேரம் நம்மைவிடப் பன்னிரண்டு மணி பின்தங்கியிருக்கும். நள்ளிரவு 12.00 மணிக்குச் சாங்கியிலிருந்து புறப்படும் விமானம் பதினெட்டரை மணி நேரம் பறந்தால், அதே நாள் காலை 6.30க்கு அங்குச் சேரும். இங்கும் கடிகாரம் காட்டுவது ஆறரை மணி நேரம்தான்! ஆனால், சென்னை ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நியூயார்க்கோ ஏறக்குறைய 15,300 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது.

இவ்வளவு தூரத்தை இடைநில்லாமல் கடப்பது எளிதன்று. அதிகத் தூரம் பறக்க அதிக எரிபொருள் வேண்டும். அந்த எரிபொருளின் எடையைச் சுமக்கவே மேலும் எரிபொருள் செலவாகும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004ஆம் ஆண்டில், நியூயார்க்கிற்கு அருகிலுள்ள நியூவர்க் விமான நிலையத்திற்கு இடைநில்லாச் சேவையைத் தொடங்கியது. அதற்குப் பயன்பட்ட விமானத்தில் நான்கு இயந்திரங்கள் இருந்தன. எரிபொருள் செலவு கட்டுப்படியாகாததால் 2013ஆம் ஆண்டில் அச்சேவை நின்றது. இரண்டே இயந்திரங்கள் கொண்ட புதிய விமானத்துடன் 2018ஆம் ஆண்டில் அது மீண்டும் தொடங்கியது. 2020ஆம் ஆண்டுமுதல் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்திற்கும் சேவை உண்டு. அந்த விமானம் ஏறக்குறைய 165,000 லிட்டர் எரிபொருளைக் கொள்ளும். எடையைக் குறைப்பதற்காக அதில் 161 இருக்கைகளே உள்ளன.

காற்றும் பயண நேரத்தை மாற்றும். உயரமான வான்பகுதியில் மேற்கிலிருந்து கிழக்கே வலுவான காற்று வீசும். அது பின்னிருந்து தள்ளினால் விமானம் விரைவாகச் செல்லும். எதிர்த்து வீசினால் தாமதமாகும். அதனால், மிகக் குறுகிய வழியைவிடச் சற்று நீண்ட வழி சில நாள்களில் விரைவானதாக அமையும்.

அடுத்த முறை ஊரிலிருந்து வரும் தாத்தா பாட்டியை அழைத்துவரச் சாங்கிக்குச் செல்லும்போது, புறப்பட்ட நேரத்தையும் வந்து சேரும் நேரத்தையும் ஒரே ஊரின் நேரத்துக்கு மாற்றுங்கள். பிறகு கழித்துப் பாருங்கள். அவர்கள் எத்தனை மணி நேரம் இருக்கையில் அமர்ந்திருந்தார்கள் என்பது அப்போது உங்களுக்குத் தெரியும்.