அஞ்செட்டி டீச்சர் ஹெச்.எம். ஆவது யார் கையில்? - பதவி உயர்வுப் பட்டியலின் கதை!

தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டிக்குப் போகும் காலை நேர பஸ்ஸில் ஏறினால், கையில் சாப்பாட்டுப் பையோடு நாலைந்து ஆசிரியர்களாவது இருப்பார்கள். யானை நடமாடும் காட்டுச் சாலை. அஞ்செட்டியில் இறங்கி, அங்கிருந்து மலைக் கிராமத்துப் பள்ளிக்கு இன்னொரு பயணம். "இத்தனை வருஷமா வர்றீங்களே டீச்சர், இன்னும் ஹெச்.எம். ஆகலையா?" என்று யாரும் சாதாரணமாகக் கேட்டுவிடலாம். ஆனால், அதற்கான பதில் அவ்வளவு சாதாரணமானது இல்லை.

நன்றாகப் பாடம் நடத்தினால் பதவி உயர்வு வரும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அரசுப் பள்ளியில் அப்படியில்லை. ஆண்டுதோறும் ஜனவரி 1-ம் தேதியைக் கணக்கு நாளாக வைத்து ஒரு பட்டியல் தயாராகும். 'பேனல்' என்பார்கள். அதில் இடம்பிடிக்க பணிமூப்பு வேண்டும், உரிய கல்வித் தகுதி வேண்டும், 17(பி) போன்ற ஒழுங்கு நடவடிக்கை எதுவும் நிலுவையில் இருக்கக் கூடாது. காலியிடம் வரும்போது, பட்டியலில் மேலே இருப்பவருக்கு முதல் அழைப்பு. பாடம் நடத்தும் திறமைக்கு இதில் மதிப்பெண் கிடையாது. சிபாரிசுக்கு இடம் குறைவு என்பது மட்டும் ஆறுதல்.

சரி, யாரோடு யாரை ஒப்பிட்டு மூப்பு பார்ப்பது? மொத்தச் சண்டையும் இங்கேதான்.

தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு நெடுங்காலமாக ஒன்றியம்தான் எல்லை. அஞ்செட்டி, தளி ஒன்றியத்தில் வருகிறது. எனவே தளி ஒன்றியத்துக்குள் யார் சீனியரோ அவருக்கு வாய்ப்பு. பதவி உயர்ந்தாலும் அதே ஒன்றியத்துக்குள்தான் வேலை. வீடு, பிள்ளைகளின் படிப்பு எதுவும் கலையாது. ஆனால் இதிலும் ஒரு முள் இருந்தது. சொந்த விருப்பத்தில் வேறு ஒன்றியத்துக்கு மாறுதல் வாங்கினால், அங்கே பட்டியலின் கடைசியில்தான் பெயர் சேரும். தென் மாவட்டத்திலிருந்து இந்த மலைக்கு வேலைக்கு வந்த ஒருவர், பல வருடம் கழித்து ஊர் திரும்பினால், நேற்று சேர்ந்தவருக்கும் ஜூனியர். பக்கத்து ஒன்றியத்தில் அவரைவிடப் பல வருடம் இளையவர் தலைமையாசிரியர் ஆகியிருப்பார்.

2023 டிசம்பர் 21-ல் வந்த அரசாணை 243 இந்த எல்லையை அழித்தது. முன்னுரிமை இனி மாநில அளவில் என்றது. ஊர் மாறியவர்களுக்கு இது நியாயம். அதே ஊரில் இருந்தவர்களுக்கோ பயம். பதவி உயர்வு வேண்டுமானால் அஞ்செட்டியிலிருந்து ராமநாதபுரத்துக்குக்கூடப் போக வேண்டியிருக்கலாமே! தொடக்கப் பள்ளிகளில் பெண் ஆசிரியர்கள் அதிகம். 10, 20 ஆண்டுகள் முடித்து தேர்வு நிலை, சிறப்பு நிலை ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு, பதவி உயர்வால் சம்பளத்தில் கூடுவதும் கொஞ்சம்தான். அதற்காகக் குடும்பத்தைப் பிரிவதா என்று பலர் 'உரிமை விடல்' கடிதம் எழுதிக் கொடுத்துவிடுவார்கள் என்பதுதான் சங்கங்களின் கவலை. 2024 ஜூலையில் டிட்டோஜாக் கூட்டமைப்பு சென்னை டிபிஐ வளாகத்தில் போராடியபோது, இந்த அரசாணையை ரத்து செய்வதும் முக்கியக் கோரிக்கை.

இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. என்னைக் கேட்டால், மூப்பை மாநில அளவில் பார்த்துவிட்டு, பணியிடத்தை மட்டும் மாவட்டத்துக்குள் கொடுக்க முடியாதா என்றுதான் தோன்றுகிறது.

இந்தச் சண்டை ஓய்வதற்குள் அடுத்த இடி. 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதவி உயர்வுக்கு ஆசிரியர் தகுதித் தேர்வான 'டெட்' கட்டாயம். பதவி உயர்வு மட்டுமில்லை, ஓய்வுபெற 5 ஆண்டுகளுக்கு மேல் இருப்பவர்கள் வேலையில் தொடரவே இரண்டு ஆண்டுகளுக்குள் தேர்ச்சி பெற வேண்டும். 5 ஆண்டுகளுக்குக் குறைவாக இருந்தால் டெட் இல்லாமல் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கேட்க முடியாது.

தமிழ்நாட்டில் டெட் நடைமுறைக்கு வந்தது 2011-ல்தான். ஒரு கணக்குக்கு, 2004-ல் 28 வயதில் வேலைக்குச் சேர்ந்த ஓர் ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். அவர் சேர்ந்தபோது அப்படியொரு தேர்வே இல்லை. தீர்ப்பு வந்தபோது வயது 49, ஓய்வு பெறும் வயது 60. ஆக, அவர் எழுதியே ஆக வேண்டும். அவரோடு வேலை பார்க்கும் 56 வயது ஆசிரியருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால், பட்டியலில் முதல் ஆளாக இருந்தாலும் தேர்ச்சி பெறாதவரை அவர் தலைமையாசிரியர் ஆக முடியாது.

இரண்டு ஆசிரியர்கள் மட்டுமே இருக்கும் மலைக் கிராமத் தொடக்கப் பள்ளியில், ஐந்து வகுப்புகளையும் பார்த்துக்கொண்டு, எமிஸ் செயலியில் பதிவும் போட்டு, வீடு திரும்பிய பிறகு 150 மதிப்பெண் தேர்வுக்குப் படிக்க வேண்டும். கோச்சிங் சென்டருக்கு ஓசூரோ கிருஷ்ணகிரியோ போகலாம்தான். பள்ளி முடிந்து, மலை இறங்கி அங்கே போய்ச் சேரும்போது மணி எத்தனை ஆகியிருக்கும்?

2027 செப்டம்பர் 1 வரை அவகாசம்.