நம் ஹாலுக்கு எது இதம்?

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே நம் வீடுகளில் அந்தப் பேச்சு தொடங்கிவிடும். "இந்த வருஷம் திரைச்சீலையை மாத்தணும், சோபாவும் பழசாயிடுச்சு" என்பார் அம்மா. உடனே நாம் கைப்பேசியில் ஒரு படத்தை எடுத்துக் காட்டுவோம். வெள்ளைச் சுவர், சாம்பல் நிற சோபா, காலடியில் தடித்த விரிப்பு, மூலையில் ஒரு மெழுகுவர்த்தி. அந்தப் படத்தின் கீழே 'கோஸி' என்றும் 'ஸ்டைலிஷ்' என்றும் எழுதியிருக்கும்.

அந்தப் படத்தை அப்படியே நம் ஹாலில் கொண்டுவர முடியுமா? முடியும் என்று நம்பி, தவணையில் சோபா வாங்கும் குடும்பங்கள் பல. மாணவர்களான நமக்கும் இதில் பங்கு உண்டு. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது நான் இடைநிலைப்பள்ளியில் இருந்தேன். ஹால்தான் எங்களுக்கு வகுப்பறையானது. பின்னால் தெரியும் சுவருக்கு வெட்கப்பட்டு, இணைய வகுப்பில் கேமராவைத் திறக்காத தோழர்கள் எனக்கு இருந்தார்கள். வீட்டைப் பார்த்து வெட்கப்படும் நிலை யாருக்கும் வர வேண்டியதில்லை. அதற்குப் பெரிய பணமும் தேவையில்லை.

குளிர் நாட்டுப் படம்

நாம் பார்க்கும் படங்களில் பெரும்பாலானவை வட ஐரோப்பிய பாணியைச் சேர்ந்தவை. டென்மார்க் மக்கள் 'ஹுகா' என்றொரு சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். வெளியே குளிரும் இருளும் இருக்க, உள்ளே விளக்கொளியில் நெருங்கி அமர்ந்திருக்கும் நிம்மதி என்று அதற்குப் பொருள் சொல்லலாம். 2016இல் ஆக்ஸ்போர்டு அகராதியின் 'ஆண்டின் சொல்' தேர்வுப் பட்டியலில் இடம்பெறும் அளவுக்கு அது உலகம் முழுவதும் பரவியது. நம் நாட்டில் 1996இல் ஐக்கியா தன் முதல் கடையைத் திறந்த பிறகு அந்தப் பாணி நமக்கும் பழகிவிட்டது.

ஆனால் ஸ்டாக்ஹோமில் டிசம்பர் மாதத்தில் பகல் வெளிச்சம் ஏறக்குறைய 6 மணி நேரம்தான். கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்தைப் பிரதிபலிக்க அவர்களுக்கு வெள்ளைச் சுவர் வேண்டும். குளிருக்குத் தடித்த விரிப்பு வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் 12 மணி நேரப் பகல், கூடவே வெயிலும் புழுக்கமும். தடித்த விரிப்பு நம் வீட்டில் ஈரப்பதத்தை வாங்கிக்கொள்ளும். தூசிப் பூச்சிகளுக்கு அது பிடித்த இடம். ஆஸ்துமா உள்ளவர்களுக்குத் தொல்லை.

'கோஸி' என்பதற்குத் தமிழில் 'இதம்' என்று சொல்லலாம். குளிரில் வெதுவெதுப்பும் இதம்தான், வெயிலில் குளிர்ச்சியும் இதம்தான். நமக்கு வேண்டியது இரண்டாவது.

முதலில் வெளிச்சம்

நம் ஹால்கள் பலவற்றில் கூரையின் நடுவே ஒரே ஒரு வெள்ளை டியூப் விளக்கு எரியும். எல்.இ.டி. விளக்குப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 6500 கெல்வின் என்று இருந்தால் அது நீலம் கலந்த வெள்ளை ஒளி. அதன் கீழே எந்த ஹாலும் மருத்துவமனைக் காத்திருப்புப் பகுதி போலத்தான் தெரியும். 2700 முதல் 3000 கெல்வின் வரை உள்ளவை மஞ்சள் கலந்த ஒளி தருபவை. நம் வீட்டு விளக்குச் சுடரை நினைவுபடுத்தும் நிறம் இது.

டியூப் விளக்கைக் கழற்ற வேண்டாம். வீட்டைப் பெருக்கவும் தொலைந்ததைத் தேடவும் அது தேவை. சோபா பக்கத்தில் மஞ்சள் ஒளி தரும் மேசை விளக்கு ஒன்றைச் சேருங்கள். ஹாலிலேயே படிப்பவர் என்றால் படிக்கும் இடத்திற்கு மட்டும் 4000 கெல்வின் விளக்கு வையுங்கள். செலவு குறைவு, மாற்றம் அன்றிரவே தெரியும்.

திரைச்சீலைக் கம்பியைச் சன்னலுக்கு நேர் மேலே பொருத்தாமல் கூரையை ஒட்டிப் பொருத்தி, துணியைத் தரை வரை தொங்கவிட்டால் தாழ்ந்த கூரையும் உயர்ந்து தெரியும். பகலில் மெல்லிய துணி போதும். காற்று வரும், கண் கூசாது.

நம் கடைத்தெருவில் கிடைப்பவை

பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் ஒரு மாலை நடந்து பாருங்கள். பித்தளை விளக்குகள், உருளிகள், பருத்தித் துணிகள், பூச்சரங்கள். இவை தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் உரியவை என்று நினைத்துவிடுகிறோம். ஓர் உருளியில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிட்டு மேசையில் வைத்தால் அதைவிட ஸ்டைல் வேறென்ன? கறுத்த பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்தால் அதிலுள்ள அமிலம் கறையைக் கரைத்துவிடும் என்பது பாட்டிக்குத் தெரிந்த வேதியியல்.

அம்மாவின் பழைய பருத்திச் சேலைகளையும் தேடிப் பாருங்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடி கண்டாங்கிச் சேலையின் கட்டங்கள் குஷன் உறைக்கு அளவெடுத்தாற்போல் பொருந்தும். பட்டுச் சேலையை மட்டும் வெயில் படும் சன்னலில் தொங்கவிடாதீர்கள், சாயம் வெளுத்துவிடும். தரைக்கு மெங்குவாங் பாய் போதும். மலாய்க்காரர்களின் கைவேலை இது. குளிர்ச்சியானது, சுருட்டி வைக்கலாம். கோலாலம்பூர் பசார் செனியில் கைவினைக் கடைகள் உண்டு.

மணி பிளாண்ட் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிலாங்கூரில் டிங்கி காய்ச்சல் அதிகம். தண்ணீரில் செடி வளர்த்தாலும், தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தாலும், வாரம் ஒருமுறையாவது தண்ணீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். இல்லையென்றால் அங்கே ஏடிஸ் கொசு குடியேறிவிடும்.

எதை எடுப்பது, எதை விடுவது?

ஹால் நெருக்கமாகத் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் பொருள்களின் எண்ணிக்கைதான். கோலாலம்பூரின் பி.பி.ஆர். அடுக்குமாடி வீடு ஒன்று சுமார் 700 சதுர அடி. மூன்று படுக்கையறைகளும் சமையலறையும் போக மிஞ்சுவதுதான் ஹால். அங்கேயே சாமி மேடை, தொலைக்காட்சி, தம்பியின் பள்ளிப் பை, இரவில் பாட்டியின் மெத்தை. எனவே வாங்குவதற்கு முன் எடுக்க வேண்டும்.

ஆனால் எதை எடுப்பது என்பதில்தான் வீட்டில் சண்டை வரும். கிள்ளானில் எங்கள் வரிசை வீட்டில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. விருந்தினருக்கு மட்டும் வெளியே வரும் பீங்கான் கோப்பைகள், என் அண்ணனின் பள்ளிக் கேடயங்கள், ஒரு பிளாஸ்டிக் மயில். படங்களில் வரும் ஹால்களில் அப்படி ஓர் அலமாரி இருக்காது. அதை எடுத்துவிடலாம் என்று நான் சொன்னபோது, தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து இங்கே குடிவந்ததும் பாட்டி தன் சம்பளத்தில் வாங்கிய முதல் பொருள் அதுதான் என்றார் அம்மா. வாழ்ந்து காட்டியதற்கு அது சான்று.

அலமாரி இருக்கிறது. உள்ளே இருந்தவற்றில் பாதியைப் பெட்டியில் வைத்தோம். மேல்தட்டில் கோப்பைகள், நடுவில் புத்தகங்கள், கீழே கேடயங்களில் மூன்று. உள்ளே ஒரு மஞ்சள் விளக்குப் பட்டை. இப்போது வீட்டுக்கு வருபவர்கள் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

சாமி மேடைக்கும் இதே அணுகுமுறைதான். அதை மறைக்க வேண்டியதில்லை. சுத்தமான ஒரு மரத்தட்டு, பின்னால் துடைக்க எளிதான ஓடு போதும். திரைச்சீலையும் பிளாஸ்டிக் பூமாலையும் விளக்குச் சுடருக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. கூரைக்குக் கீழே உயரத்தில் மாட்டியிருக்கும் தாத்தா பாட்டி படங்களைக் கண் மட்டத்திற்கு இறக்கி, ஒரே சுவரில் வரிசையாக வையுங்கள். வாடகை வீட்டில் ஆணி அடிக்க முடியாவிட்டால் ஒட்டும் கொக்கி பயன்படும். எவ்வளவு எடை தாங்கும் என்று உறையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளம் சொல்லித் தந்தது

2021 டிசம்பர் 18ஆம் தேதி வந்த பெருவெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை நம்மில் யாரும் மறக்கவில்லை. நீர் வடிந்த பிறகு சோபாக்களும் அலமாரிகளும் தெருவோரம் மலையாகக் குவிந்தன. மரத்தூளை ஒட்டி அழுத்திச் செய்யும் மலிவுப் பலகைகள் தண்ணீர் பட்டதும் ஊதிவிடும். காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. உலோகமும் கெட்டி மரமும் பெரும்பாலும் கழுவித் துடைத்துப் பயன்படும்.

தாழ்வான பகுதியில் தரைத்தளத்தில் இருப்பவர்கள், பெரிய பொருள் வாங்கும்போது கால் வைத்த, கழுவக்கூடிய, தூக்கக்கூடிய பொருள்களைப் பாருங்கள். பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலின் வார இறுதிப் பழம்பொருள் சந்தையையும் எட்டிப் பார்க்கலாம். பிறப்புப் பத்திரம், எஸ்.பி.எம். சான்றிதழ், பழைய குடும்பப் படங்கள் எல்லாம் உயரமான தட்டில் இருக்கட்டும். படங்களை இப்போதே ஸ்கேன் செய்து வையுங்கள். சோபாவைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். தாத்தாவின் ஒரே படத்தை வாங்க முடியாது.

இந்தத் தீபாவளிக்குத் திட்டமிடுபவர்களுக்கு என் வரிசை இதுதான்: முதலில் தேவையற்றதை எடுங்கள், பிறகு விளக்கு, அதன் பின் துணி, செடி, கடைசியாகத்தான் சோபா. முதல் நான்கையும் முடித்து ஒரு மாதம் அந்த ஹாலில் இருந்து பாருங்கள். அதற்குப் பிறகும் சோபா தேவைப்பட்டால் அப்பாவோடு கடைக்குப் போகலாம்.