வானத்து யானையும் ஒரு சின்னக் கேள்வியும்



அது 2005-ஆம் ஆண்டு ஜனவரி மாதம். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்திருந்த நேரம். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர். ஒருநாள் காலை, வருகைப் பதிவேட்டோடு செய்தித்தாளையும் கையில் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். அதில் ஒரு விமானத்தின் படம் இருந்தது. சாதாரண விமானம் அல்ல. முன்பக்கத்திலிருந்து வால் பக்கம் வரை முழுக்க இரண்டு மாடி! பெயர் ஏர்பஸ் ஏ-380. உலகத்திலேயே மிகப் பெரிய பயணிகள் விமானம்.

"இதில் எத்தனை பேர் போகலாம் தெரியுமா? 555 பேர்!" என்றேன். எங்கள் பள்ளியில் அப்போது மொத்தமே 185 பிள்ளைகள். எங்கள் பள்ளியைப் போல மூன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒரே விமானத்தில்! வகுப்பே "அடேயப்பா!" என்று கத்தியது.

பிறகு மைதானத்துக்குப் போய்க் கயிறு பிடித்து அளந்து பார்த்தோம். விமானத்தின் நீளம் கிட்டத்தட்ட 73 மீட்டர். ஓர் இறக்கையின் நுனியிலிருந்து மறு இறக்கையின் நுனி வரை ஏறக்குறைய 80 மீட்டர். நீளத்தைவிட அகலம்தான் அதிகம்! எங்கள் மைதானம் போதவே இல்லை. ஓர் இறக்கை பக்கத்து வயலில் போய் நின்றது. உயரம் 24 மீட்டர். அதாவது எட்டு மாடிக் கட்டடம் போல. ஆட்கள், பெட்டிகள், எரிபொருள் எல்லாவற்றையும் முழுக்க ஏற்றிக்கொண்டு கிளம்பினால் எடை 560 டன். ஒரு பெரிய யானை 5 டன் என்று வைத்துக்கொண்டால், 112 யானைகள் சேர்ந்து பறப்பதற்குச் சமம்!

எல்லாரும் கை தட்டிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"சார், நம்ம ஊரு பஸ்ஸே மத்தியானத்துல பாதி காலியாத்தான் போகுது. இவ்ளோ பெரிய பிளேன்ல பாதி சீட்டு காலியா இருந்தா என்ன சார் பண்ணுவாங்க?"

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "இவ்வளவு பெரிய விமானத்தைச் செய்தவர்களுக்கு அது தெரியாதா? பேசாமல் இரும்மா" என்று சொல்லிவிட்டேன்.

அந்தக் கேள்வி இன்றும் ஏன் என் நினைவில் இருக்கிறது? முழுக் கதையையும் கேளுங்கள்.

திரை விலகியது

2005 ஜனவரி 18-ஆம் தேதி, பிரான்ஸ் நாட்டின் டூலூஸ் நகரத்தில் பெரிய விழா. புது விமானத்தை உலகத்துக்குக் காட்டும் நாள். பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன், ஸ்பெயின் ஆகிய நான்கு நாடுகளின் தலைவர்களும் மேடையில் இருந்தார்கள்.

ஏன் நான்கு நாடுகள்? இந்த விமானம் ஒரே ஊரில் உருவானது அல்ல. இறக்கைகள் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் செய்யப்பட்டன. உடல் பகுதிகள் ஜெர்மனியிலும் பிரான்சிலும் தயாராயின. ஸ்பெயினிலிருந்தும் வால் பக்கத்துப் பாகங்கள் வந்தன. எல்லாம் டூலூஸுக்கு வந்துதான் ஒன்று சேர்ந்தன.

அவ்வளவு பெரிய பாகங்களை எப்படிக் கொண்டுவந்தார்கள்? முதலில் கப்பலில். பிறகு ஆற்றில் படகு போன்ற மிதவைக் கலத்தில். கடைசி 240 கிலோமீட்டர் தூரம் சாலையில், பெரிய லாரிகளில்! அந்த வழியில் லெவின்யாக் என்று ஒரு சின்ன ஊர். அதன் குறுகலான தெரு வழியாகத்தான் லாரிகள் போக வேண்டும். வீட்டு ஜன்னலிலிருந்து கையை நீட்டினால் விமானத்தைத் தொட்டுவிடலாம் போல இருக்குமாம். இரவு நேரத்தில் ஊர் மக்கள் தூக்கத்தை விட்டுவிட்டு, நம் ஊரில் தேர் பார்க்க நிற்பதுபோல் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அதே ஆண்டு ஏப்ரல் 27-ஆம் தேதி விமானம் முதன்முறையாகப் பறந்தது. உள்ளே ஆறு பேர் மட்டும். வெளியே ஆயிரக்கணக்கானோர் கழுத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுமார் நான்கு மணி நேரம் பறந்து பத்திரமாகத் தரையிறங்கியதும் கைதட்டல் வானைப் பிளந்தது.

பலர், பல பேச்சு

எல்லாருமே கை தட்டினார்களா? இல்லை.

"இவ்வளவு பெரிய விமானத்தில் ஓர் ஆபத்து வந்தால் அத்தனை பேரும் எப்படி வெளியே வருவார்கள்?" என்று சிலர் பயந்தார்கள்.

"எங்கள் விமான நிலையத்தில் இதை எங்கே நிறுத்துவது?" என்று சில நிலையங்கள் கவலைப்பட்டன. மேல் மாடிக்குத் தனிப் பாலம் வேண்டும். ஓடுபாதையின் ஓரங்களைப் பலப்படுத்த வேண்டும். இந்த விமானம் பறந்த பின் காற்றில் பெரும் சுழல் உண்டாகும். ஆகவே பின்னால் வரும் விமானங்கள் அதிகம் தள்ளியே வர வேண்டும். இதனால் இதன் விமானி ரேடியோவில் பேசும்போது, விமானத்தின் பெயரோடு 'சூப்பர்' என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்வார்!

போட்டி நிறுவனமான அமெரிக்காவின் போயிங் வேறொன்று சொன்னது: "இவ்வளவு பெரிய விமானங்கள் உலகத்துக்கு அதிகம் தேவைப்படாது."

பாராட்டு, பயம், கவலை, சந்தேகம். இதில் யார் சொன்னது சரி? குழந்தைகளே, யார் சத்தமாகப் பேசினார்கள் என்று பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது. சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

விமானம் எழுதிய பரீட்சைகள்

முதலில் பயந்தவர்களின் கேள்வி. 2006 மார்ச் 26 அன்று ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஒரு சோதனை நடந்தது. பயணிகள் 853 பேர், ஊழியர்கள் 20 பேர். ஆக 873 பேர் விமானத்துக்குள் உட்கார்ந்தார்கள். விளக்குகள் அணைந்தன. 16 கதவுகளில் பாதிதான் திறக்கும். எந்தக் கதவு திறக்கும் என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. 90 விநாடிக்குள் எல்லாரும் வெளியேற வேண்டும் என்பது விதி. சறுக்குப் பலகைபோல் விரிந்த ரப்பர் சறுக்குகளில் எல்லாரும் வழுக்கிக்கொண்டு இறங்கினார்கள். 78 விநாடியில் விமானம் காலி! ஒருவருக்குக் கால் எலும்பு முறிந்தது. சிலருக்குச் சிராய்ப்பு. ஆனாலும் விமானம் தேறிவிட்டது.

இறக்கைக்கும் ஒரு பரீட்சை இருந்தது. பறக்கும்போது இறக்கைமேல் வரக்கூடிய மிக அதிகமான சுமை எவ்வளவோ, அதைப்போல ஒன்றரை மடங்கை அது தாங்க வேண்டும். 2006 பிப்ரவரியில் இறக்கையை மெல்ல மெல்ல மேல்நோக்கி வளைத்தார்கள். 1.5 மடங்கைத் தொடுவதற்குச் சற்று முன்பே, சுமார் 1.45 மடங்கில், இறக்கை முறிந்துவிட்டது! கணக்குப் போட்டுப் பாருங்கள். நூற்றுக்கு ஏறக்குறைய 97 மதிப்பெண். நம் பள்ளியில் 97 வாங்கினால் மிட்டாய் கிடைக்கும். விமானப் பரீட்சையில் 97 போதாது. பொறியாளர்கள் இறக்கையை மேலும் பலப்படுத்தினார்கள்.

அடுத்த தடுமாற்றம் இன்னும் வேடிக்கையானது. ஒரு விமானத்துக்குள் இருக்கும் மின்கம்பிகளை நீட்டினால் சுமார் 530 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மதுரையைத் தாண்டிப் போகும்! ஜெர்மனியிலும் பிரான்சிலும் இருந்த பொறியாளர்கள் ஒரே கணினி மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகளில் வரைபடம் வரைந்தார்கள். ஒன்று பழசு, ஒன்று புதுசு. விளைவு? கம்பிகளைப் பொருத்தப் போனால் நீளம் போதவில்லை. வளைவுகளைச் சரியாகக் கணக்கிடவில்லை. எல்லாவற்றையும் திருத்திச் செய்ததில் வேலை ஏறக்குறைய இரண்டு ஆண்டு தாமதம். ஒரே கணக்கை இருவர் இரண்டு அளவுகோலால் அளந்தால் என்ன ஆகும் என்று தெரிகிறதா?

கடைசியில் 2007 அக்டோபரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் முதல் விமானத்தைப் பெற்றது. அக்டோபர் 25-ஆம் தேதி சிங்கப்பூரிலிருந்து ஆஸ்திரேலியாவின் சிட்னிக்கு முதல் பயணம். அதன் டிக்கெட்டுகளை ஏலம் விட்டு, வந்த பணத்தை நற்காரியங்களுக்குக் கொடுத்தார்கள்.

2010 நவம்பர் 4 அன்று நிஜமான சோதனையே வந்தது. சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய குவாண்டாஸ் நிறுவனத்தின் ஏ-380 விமானத்தில் ஓர் இன்ஜின் நடுவானில் வெடித்துச் சிதறியது. இறக்கையிலும் ஓட்டைகள். ஆனாலும் விமானிகள் பதறாமல் ஒவ்வொரு கோளாறாகச் சரிபார்த்து, சிங்கப்பூருக்கே திரும்பி இறக்கினார்கள். உள்ளே இருந்த 469 பேரும் உயிர் பிழைத்தார்கள்.

விமானம் பலமானதுதான் என்று தெரிந்துவிட்டது. ஆனால் இன்னொரு பரீட்சை மிச்சம் இருந்தது. அதற்கான கேள்வித்தாள் எங்கள் வகுப்பிலேயே வந்துவிட்டது!

பெரிய பஸ்ஸா, மினி பஸ்ஸா?

ஏர்பஸ் நிறுவனம் என்ன நினைத்தது? உலகில் பயணிகள் பெருகிக்கொண்டே போவார்கள். பெரிய நகரங்களின் விமான நிலையங்களில் இடம் இருக்காது. ஆகவே ஒரே விமானத்தில் நிறையப் பேரைப் பெரிய நிலையத்துக்குக் கொண்டுபோகலாம். அங்கிருந்து அவர்கள் வேறு விமானம் மாறிக்கொள்ளட்டும். இது நம் ஊர்ப் பெரிய பஸ் போல. பேருந்து நிலையம் வரை அதில் போய், பிறகு அடுத்த பஸ் பிடிக்க வேண்டும்.

போயிங் என்ன நினைத்தது? மக்கள் மாறி மாறி ஏற விரும்ப மாட்டார்கள். நேரே தங்கள் ஊருக்குப் போகத்தான் ஆசைப்படுவார்கள். அதற்குச் சற்றுச் சிறிய விமானம் போதும். இது நம் தெரு முனைக்கே வரும் மினி பஸ் போல.

இருவர் சொன்னதும் நியாயமாகத்தானே இருக்கிறது? ஆனால் காலம் மினி பஸ் பக்கம் சாய்ந்தது. இரண்டே இன்ஜினுடன் வெகுதூரம் பறக்கும் புதிய விமானங்கள் வந்தன. போயிங் 787 அவற்றில் ஒன்று. ஏர்பஸ்ஸே ஏ-350 என்று அப்படி ஒரு விமானம் செய்தது. ஏ-380-க்கோ நான்கு இன்ஜின்கள். இருக்கைகள் நிரம்பினால் ஓர் ஆளுக்கு ஆகும் செலவு குறைவு. பாதி காலியானால்? காலி இருக்கைக்காக எரிபொருள் செலவு குறைந்துவிடாது! வந்திருக்கும் பாதிப் பேரின் கட்டணத்தில்தான் மொத்தச் செலவையும் சமாளிக்க வேண்டும்.

சுமார் 1,200 பெரிய விமானங்கள் தேவைப்படும் என்று ஏர்பஸ் முதலில் கணித்திருந்தது. விற்றவை 251 மட்டுமே. அவற்றில் 123 விமானங்களைத் துபாயின் எமிரேட்ஸ் நிறுவனமே வாங்கியது. எட்டுத் திசையிலிருந்தும் வரும் பயணிகள் துபாயில் வந்து விமானம் மாறுவார்கள். ஆகவே அங்கே பெரிய பஸ் நன்றாக ஓடியது. 2019 பிப்ரவரியில், தயாரிப்பை நிறுத்தப்போவதாக ஏர்பஸ் அறிவித்தது. 2020 ஜூனில் கடைசி விமானத்தின் பாகங்கள் லெவின்யாக் தெரு வழியாகப் போனபோது, ஊர் மக்கள் திரண்டு வந்து வழியனுப்பினார்கள். 2021 டிசம்பரில் கடைசி விமானமும் எமிரேட்ஸிடம் போய்ச் சேர்ந்தது.

கதை முடியவில்லை

கொரோனா காலத்தில் ஏ-380 விமானங்கள் கூட்டம் கூட்டமாகத் தரையில் நின்றன. "இனி இவை பறக்காது" என்று பலர் சொன்னார்கள். பிரான்சின் ஏர் பிரான்ஸ் நிறுவனம் தன் ஏ-380 விமானங்களுக்கு 2020-இல் ஓய்வே கொடுத்துவிட்டது. ஆனால் கொரோனா ஓய்ந்ததும் மக்கள் பெருங்கூட்டமாகப் பயணம் கிளம்பினார்கள். புதிய விமானங்களோ ஆர்டர் கொடுத்த நேரத்துக்கு வந்துசேரவில்லை. உடனே பல நிறுவனங்கள் நிறுத்தி வைத்த ராட்சதனைத் தூசி தட்டி எடுத்தன. ஜெர்மனியின் லுஃப்தான்சா 2023-இல் மீண்டும் பறக்கவிட்டது. நம் நாட்டுக்கும் இது வந்திருக்கிறது. 2014 மே மாதம் டெல்லிக்கும் மும்பைக்கும், 2022 அக்டோபரில் பெங்களூருக்கும் ஏ-380 சேவை தொடங்கியது.

ஆக, "இதுதான் எதிர்காலம்" என்றவர்கள் சொன்னதும் முழுக்க நடக்கவில்லை. "இனி இல்லை" என்றவர்கள் சொன்னதும் முழுக்க நடக்கவில்லை.

குழந்தைகளே, புதிதாக, பெரிதாக ஒன்று வரும்போது கை தட்டுங்கள். பல்லாயிரம் பேரின் உழைப்பு அது. ஆனால் கை தட்டி முடித்ததும் கேள்வியும் கேளுங்கள். "எவ்வளவு பெரியது?" என்று மட்டும் கேட்டால் போதாது. "யாருக்குத் தேவை? நிரம்பாவிட்டால் என்ன ஆகும்?" என்றும் கேளுங்கள். யார் சிரித்தாலும் கேளுங்கள். ஆசிரியர் சிரித்தாலும்கூட!

அன்று கேள்வி கேட்ட என் மாணவி இப்போது முப்பது வயதைத் தொட்டிருப்பாள். எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அவள் வீட்டுக் குழந்தை இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கலாம். அப்படி இருந்தால் உன் அம்மாவிடம் இதைச் சொல், கண்ணு: "அன்றைக்கு நீங்க கேட்டதுதான் சரியான கேள்வியாம். பதில் தேடாமல் சிரித்தது தன் தப்புதான் என்று உங்க சார் எழுதியிருக்கார்."

இந்த விடுமுறையில் நீங்களும் ஒரு நீளக் கயிறு எடுத்து மைதானத்தில் 73 மீட்டருக்கு 80 மீட்டர் அளந்து பாருங்கள். ராட்சதன் உங்கள் ஊரில் எது வரை வருவான் என்று தெரியும். அளக்கும்போது உங்களோடு நிற்கும் சின்னப் பிள்ளை ஏதாவது கேட்டால், சிரிக்காமல் காது கொடுத்துக் கேட்பீர்கள்தானே?