மாத்திரையின் விலையும் வியாதியின் விலையும்

பர்மாவிலும் மலேயாவிலும் கொண்டுவிக்கப் போன நகரத்தார், பற்றையும் வரவையும் பேரேட்டில் ஏற்றி, ஐந்தொகை போட்டுப் பார்த்த பிறகே லாப நஷ்டம் பேசிய பூமி செட்டிநாடு. அந்தப் பூமியைச் சேர்ந்த காரைக்குடியிலேயும், சர்க்கரை வியாதிக்கு மருந்துக் கடையில் மாதந்தோறும் கொடுக்கும் பணம் செலவாகத் தெரிகிற அளவுக்கு, அந்த மருந்தினால் தவிர்ந்துபோன நஷ்டம் வரவாகத் தெரிவதில்லை.

இந்தக் கணக்கை முறையாகப் போட்டவர் சென்னை டாக்டர் அம்பாடி ராமச்சந்திரன். வியாதி இன்னும் வராமல், வரும் அறிகுறி மட்டும் இரத்தத்தில் தெரிந்த 531 பேரை நான்கு பிரிவாக்கி, அவரும் சகாக்களும் மூன்று ஆண்டுகள் கவனித்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். சாதாரண ஆலோசனையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதத்தினருக்கு வியாதி வந்தது; நடையும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டவர்களில் 39.3 சதவீதத்தினருக்கும், மெட்ஃபார்மின் மாத்திரை உட்கொண்டவர்களில் 40.5 சதவீதத்தினருக்கும், இரண்டையும் சேர்த்து அனுஷ்டித்தவர்களில் 39.5 சதவீதத்தினருக்கும் வந்தது. அடுத்த ஆண்டு செலவுக் கணக்கு வெளியாயிற்று. ஒருவருக்கு வியாதி வராமல் தடுக்க, நடைக்கும் பத்தியத்துக்கும் 47,341 ரூபாய், மாத்திரைக்கு 49,280, இரண்டுக்கும் சேர்த்து 61,133. செலவு கூடியதே தவிரப் பலன் கூடவில்லை என்பதுதான் இதில் சுவாரஸ்யமான விஷயம். கந்தரப்பத்தையும் வெள்ளைப் பணியாரத்தையும் விருந்தில் மறுப்பது அபசாரமாகிவிடும் நம் பிரதேசத்தில், பத்தியம் அந்தத் தொகைக்குள் அடங்குமா என்ற சந்தேகம் எனக்கு உண்டு!

ஆனால் இது வியாதி வராதவர்களுக்கு உரிய கணக்கு. வந்தவர்கள் நடையைக் காரணம் காட்டி மாத்திரையைக் கைவிட இதில் அனுமதி இல்லை. கைவிட்டால் சிறுநீரகமும் கண்ணும் பாதமும் கேட்கும் வட்டி, எந்த லேவாதேவிக்காரரும் கேட்டறியாதது.

மருந்தின் விலை அதன் குணத்தைப் பொறுத்ததன்று. காப்புரிமையையும் கொள்முதலையும் பொறுத்தது. சர்க்கரை வியாதிக்கான எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரையின் காப்புரிமை 2025 மார்ச்சில் முடிந்ததும், ஏறத்தாழ அறுபது ரூபாய்க்கு விற்ற அது, பல கம்பெனிகளின் போட்டியில் பல மடங்கு இறங்கியது. 1994-ல் தோன்றிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாநிலம் முழுமைக்கும் சேர்த்து மொத்தமாக வாங்குவதால், அரசாங்கத்துக்கு மருந்து மலிவாகக் கிடைக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் அதை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது.

ஆகவே, சர்க்கரை இறங்கிவிட்டதென்று, மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். விலைதான் தடையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அங்கே மெட்ஃபார்மினுக்குக் காசு வாங்குவதில்லை.