மேடும் பள்ளமும் – 9: வைல்டர் பண்ணையின் தண்ணீர்ச் சக்கரம்

மேரின் வட்டாரத்து ரீபேக் சரிவில் நடந்த சைக்கிள் பந்தயங்களில் பிரேக் கிரீஸ் புகைந்து தீய்ந்த கதையும், அந்தப் பந்தயங்களிலிருந்து மலை சைக்கிள் உருவான கதையும் போன வாரமே சொல்லியாயிற்று. அங்கிருந்து கலிஃபோர்னியாக் கரையோரமாகத் தெற்கே வந்தால் சான்டா குரூஸ். ஊருக்குள் நுழையும் முன்பே ஒன்றாம் எண் நெடுஞ்சாலையின் இரு பக்கமும் விரிகிறது வைல்டர் ராஞ்ச் மாநிலப் பூங்கா.

கடல் பக்கம் இருப்பது சமதளம். ஓல்டு கோவ் லேண்டிங் பாதையில் சிறு பிள்ளைகளும் சைக்கிள் மிதிக்கலாம். ஒரு பக்கம் செங்குத்தாக இறங்கும் பாறை விளிம்பு, கீழே பாறைகளில் படுத்துக் கிடக்கும் கடல்நாய்கள். மறுபக்கம் பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ் வயல். வைல்டர் கடற்கரைக்குள் மட்டும் யாருக்கும் அனுமதி இல்லை. ஸ்னோயி பிளவர் என்ற சிறு பறவை அங்கே வெறும் மணலில் லேசாகக் குழி பறித்து முட்டையிடுகிறது. முட்டையும் மணல் நிறம். மிதித்த பிறகுதான் தெரியும். நாயை அழைத்து வரக் கூடாது என்ற விதியும் இங்கே மிகவும் நியாயமானது.

மலைப்பக்கம் போக நெடுஞ்சாலைக்கு அடியில் ஒரு சுரங்கவழி. அதைக் கடந்தால் ஏற்றம். அதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் சுரங்கவழிக்கு முன்னால் பழைய பண்ணை வீடுகளுக்கு நடுவே நிற்கிறது 1896-ஆம் ஆண்டுப் பட்டறை ஒன்று. மனம் அதைவிட்டு நகரவில்லை.

பட்டறையின் சொந்தக்காரரான டெலாஸ் வைல்டர் பால்பண்ணைக்காரர். வெண்ணெய் எடுத்து விற்றுப் பிழைத்த குடும்பம். கடைசல் இயந்திரம், துளை போடும் இயந்திரம், சாணைக்கல் எல்லாம் அந்தப் பட்டறையில் உண்டு. மேலே ஒரு நீண்ட தண்டு, அதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டை. அத்தனையையும் சுழற்றியது மலையிலிருந்து குழாயில் இறங்கிய தண்ணீர். அது மோதியது ஒரு பெல்டன் சக்கரத்தில்.

லெஸ்டர் பெல்டன் 1850-இல் தங்கம் தேடி கலிஃபோர்னியா வந்தவர். பிறகு சுரங்கங்களுக்குச் சக்கரம் செய்து கொடுக்கும் தச்சரானார். அப்போதைய சக்கரங்களில் தண்ணீர் கிண்ணத்தின் நடுவில் அறைந்து, வந்த வழியே தெறித்து, பாதி வேகத்தை வீணாக்கிவிடும். பெல்டன் செய்தது இதுதான்: இரண்டு கரண்டிகளைப் பக்கம் பக்கமாக ஒட்டினாற்போல் ஒரு கிண்ணம், நடுவில் கூரான வரப்பு. பீய்ச்சி வரும் நீர் வரப்பில் பட்டு இரண்டாகப் பிரிந்து, இரு பக்கமும் வளைந்து திரும்பி வெளியேறும். நீரின் வேகத்தில் பாதி வேகத்தில் கிண்ணம் ஓடினால், வெளியே வரும் நீருக்கு ஏறக்குறைய வேகமே இருக்காது. அத்தனையும் சக்கரத்துக்குக் கொடுத்துவிட்டுச் சும்மா கீழே விழும்! 1880-இல் காப்புரிமை. 1883-இல் கிராஸ் வேலி சுரங்கம் ஒன்றில் நடந்த போட்டியில் 90.2 சதவீதத் திறன் காட்டியது. அடுத்து வந்த சக்கரம் 76.5. மாட்டின் மூக்கில் குழாய்த் தண்ணீர் பட்டுப் பிரிந்ததைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, கிண்ணம் உண்மை.

நம் நீலகிரியில் 1932-இல் ஓடத் தொடங்கிய பைக்காரா மின்நிலையமும் பெல்டன் சக்கரங்களை நம்பி எழுந்ததுதான். கோவை ஆலைகளில் தறி ஓட்டியதில் அந்தக் கலிஃபோர்னியாத் தச்சருக்கும் பங்கு உண்டு.

பட்டறையை ஓட்டிய அந்த உயரம்தான் இன்று சைக்கிள்காரர்களையும் இழுக்கிறது. இந்த மலை படிப்படியாக இருப்பதற்குக் காரணம் கடல். அலை அறுத்துச் சமமாக்கிய கரை, நிலம் மெல்ல உயர்ந்தபோது மேலே தூக்கப்பட்டது. அதற்குக் கீழே அலை இன்னொரு கரையை அறுத்தது. அதனால்தான் தொடையைச் சுடும் ஏற்றம், மூச்சு வாங்க ஒரு சமதளம், மறுபடி ஏற்றம். மேல்படியில் ஏறித் திரும்பினால் மான்டெரே விரிகுடா முழுதும் தெரியும். அங்கே மிதித்து ஏறும் புல்வெளி ஒரு காலத்தில் கடற்கரை.

வைல்டர் குடும்பம் நிலத்தை விற்ற பிறகு, 1970-களின் தொடக்கத்தில் இங்கே சுமார் 10,000 வீடுகள் கட்டத் திட்டம் தயாரானது. ஊர் மக்கள் எதிர்த்தார்கள். 1974-இல் மாநில அரசு நிலத்தை வாங்கியது. இந்தப் போராட்டத்தை நாலு வரியில் முடிப்பது அநியாயம். மலை சைக்கிள் பிறந்த மேரின் வட்டாரத்தில் பெரும்பாலான ஒற்றையடிப் பாதைகள் சைக்கிளுக்கு மூடப்பட்டிருக்க, வைல்டரில் மட்டும் குதிரையும் நடையாளியும் சைக்கிளும் ஒரே பாதையில் எப்படி ஒத்துப் போகிறார்கள் என்பதும் அதோடு சேர்ந்ததே. இரண்டையும் அடுத்த வாரம் எழுதுகிறேன், ரெட்வுட் மரக் காட்டுக்குள் நுழையும் என்சான்டட் லூப் இறக்கத்தோடு.

(தொடரும்)