தபாற் கல்வியும் இணையவழிக் கல்வியும்

கல்வி வேண்டுவோர் ஆசிரியர் உறையுமிடம் நாடிச் செல்லுதல் தொன்றுதொட்டு வந்த வழக்கம். ஆயின், குடும்பத்தைத் தாங்கும் பொருட்டு இளமையிலேயே உத்தியோகத்தில் அமர்ந்தோரும், இல்லம் விட்டு அகலவியலாத மாதரும் யாது செய்வர்? இன்னோர்க்கென எழுந்ததே தபாற் கல்வி. இங்கிலாந்தில் ஒரு பென்னித் தபால் ஏற்பட்ட 1840-ஆம் ஆண்டிலேயே ஐசக் பிட்மன் என்பார் சுருக்கெழுத்தைத் தபால் வாயிலாகக் கற்பிக்கத் தொடங்கினார். நம் பக்கத்திலோ, 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இல் இம்முறையை மேற்கொண்டது. சிதம்பரத்தினின்று தபாலில் வந்த பாடநூல்களைக் கொண்டு, வேலையை விடாமலே பட்டம் பெற்றோர் நம் நாட்டில் அநேகர்.

எனினும் நூல் பேசாது. இணையவழிக் கல்வி அக்குறையைப் பெரிதும் நீக்குகின்றது. வகுப்பில், விளங்காததை மறுமுறை கேட்கக் கூசி வாளாவிருக்கும் மாணாக்கனை நாம் நாடோறும் காண்கின்றோம். அவனே பதிவு செய்த பாடத்தை வீட்டில் பத்து முறை நிறுத்திக் கேட்பினும் நகைப்பார் இலர். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூர் இந்திய அறிவியற் கழகமும் கூடி 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்களை எவரும் கட்டணமின்றிக் கற்கலாம். அத்தாட்சிப் பத்திரம் வேண்டுவோர் மட்டுமே கட்டணம் செலுத்திப் பரீட்சை மண்டபத்திற்கு நேரிற் செல்லல் வேண்டும். வாரந்தோறும் எழுதும் பயிற்சிகளுக்கு 25 விழுக்காடும், பரீட்சைக்கு 75 விழுக்காடும் மதிப்புண்டு. இவ்வாரத் தவணையே இம்முறையின் உயிர் என்பது நம் கருத்து. தவணையில்லாப் பாடத்தை நாளை நாளை என்று தள்ளிவைப்பது மனித இயல்பன்றோ!

தொழிலாளருக்கும் இதனாற் பயன் உண்டு. நெய்வேலிச் சுரங்கத்திலும், கடலூர் சிப்காட் இரசாயனத் தொழிற்சாலைகளிலும் ஷிப்டு முறையில் உழைப்போரை ஒரே வேளையில் ஒரு வகுப்பிற் கூட்டுதல் அரிது. இரவு வேலை முடித்தவர் தமக்கு ஓய்வுள்ள நேரத்தில் கற்கலாம். ஆயினும், வாயு கசியுங்கால் முகமூடி அணியும் விதத்தைப் படத்திற் கண்டாற் போதாது. கையாலெடுத்து அணிந்து பழகுதல் வேண்டும்.

2020 மார்ச்சு மாதத்தில் கொள்ளைநோயாற் கலாசாலைகள் மூடப்பட்டபோது இக்கல்வியின் இடரும் வெளிப்பட்டது. கரும்பலகையின்றிப் பேசவறியாது நம்மிற் சிலர் திகைத்தது கிடக்க, வீட்டிற்கு ஒரே கைபேசி, அதனையும் தந்தையார் வேலைக்குக் கொண்டு செல்வார் என்னும் நிலையில் மாணவர் பலர் இருந்தனர். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர் ஏறக்குறைய 9.7 லட்சம் பேருக்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. தரவை அரசாங்கம் இலவசமாக அறிவித்தது. நல்ல உதவியே, ஆனாற் கருவியில்லார்க்கு அதனால் ஆவதென்ன? நூல்நிலையத்துக் கணிப்பொறிகளை மாலை வேளையில் அத்தகையோர்க்கென ஒதுக்குதல் எந்தக் கலாசாலைக்கும் இயலாததன்று.

பட்டம் கருதிச் சேர்வோர்க்கு ஒரு வார்த்தை. பணம் கட்டுமுன், அப்பாடத்திற்கு அவ்வாண்டிற்குரிய பல்கலைக்கழக மானியக் குழுவின் ஒப்புதல் உண்டா என்று அக்குழுவின் பட்டியலிலேயே நோக்குக. வேலைக்கு மனுச் செய்யும் நாளில் நோக்கிப் பயனில்லை.