பூட்டிய ஆட்டங்கள்

புதுச்சேரியில் கடற்கரையை அடுத்த செயின்ட் லூயிஸ் தெருவில் பிரெஞ்சு நிறுவனம் இருக்கிறது. 1955ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அந்நிறுவனத்தில் ஓலைச்சுவடிகள் ஆயிரக்கணக்கில் காக்கப்படுகின்றன. இந்நகரிலுள்ள சைவச் சுவடிகள் ஏறத்தாழ 11,000. அவற்றை யுனெஸ்கோ 2005ஆம் ஆண்டில் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது.

பனையோலை நெடுங்காலம் நில்லாது. நம் நாட்டு வெப்பமும் ஈரமும் பூச்சியும் சில நூற்றாண்டுகளுள் அதனை அரித்துவிடும். ஆயினும் நூல்கள் பல நமக்குக் கிடைத்துள்ளமைக்குக் காரணம் யாது? ஓலை நைந்து போகுமுன் எவரோ ஒருவர் எழுத்தாணி எடுத்துப் புதிய ஓலையில் படியெடுத்து வைத்தார். பிரெஞ்சு நிறுவனத்தாரும் சுவடிகள் பலவற்றைத் தாளில் படியெடுத்து வைத்துள்ளனர்.

கணிப்பொறி ஆட்டமும் எழுதப்பட்ட ஒரு நூல் போன்றதே. ஆனால் அதனைப் படியெடுக்க எழுத்தாணி வேண்டா; சில நொடிகள் போதும். பலர் பல மாதம் உழைத்து ஆக்கிய ஒன்றை விலை கொடாது பெறுதல் திருட்டே என்பதில் ஐயமில்லை. அதனைத் தடுக்கவே ஆக்கியோர் பூட்டுகளைத் தேடினர். எழுத்தைப் படியெடுக்கலாம்; கைப்பொருளைப் படியெடுத்தல் அரிது. ஆகவே பூட்டு ஒரு பொருளாகவே அமைந்தது.

1985ஆம் ஆண்டில் ஸ்பெக்ட்ரம் கணிப்பொறிக்கு வந்த 'எலைட்' என்னும் ஆட்டத்துடன் லென்ஸ்லாக் என்ற சிறு வில்லை ஒன்று தரப்பட்டது. திரையில் சிதைந்து தோன்றும் எழுத்துகளை அவ்வில்லை வழியாகப் பார்த்துப் படித்தாலன்றி ஆட்டம் தொடங்காது. திரை மிகப் பெரிதாகவோ சிறிதாகவோ இருப்பின் வில்லை பயன்படவில்லை. போதாக்குறைக்கு, வாங்கியவருள் சிலருக்கு வேறோர் ஆட்டத்துக்குரிய வில்லை போய்ச் சேர்ந்தது! விலை கொடுத்தவர் வாயிலில் நின்றார். பூட்டை உடைத்த படியை வைத்திருந்தவரோ வில்லையே இன்றி ஆடினார். கணிப்பொறியின் பின்புறத்தில் செருகும் பூட்டுக்கட்டைகளும் இத்தகையனவே. கட்டை தொலைந்தாலும், அதனைச் செருகும் துளை புதிய கணிப்பொறிகளில் இல்லாமற் போனாலும், வாங்கிய பொருள் வீண்.

எல்லாவற்றினும் கொடியது ஜப்பானியக் காப்காம் நிறுவனம் 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட சி.பி.எஸ்.-2 என்னும் ஆட்டப் பலகை. காசு போட்டு ஆடும் கூடங்களுக்கெனச் செய்யப்பட்டது அது. ஆட்டத்தின் நிரல் மறையெழுத்தில் இருந்தது. அதனை விளக்கும் திறவெண்ணோ ஒரு சிறு மின்கலத்தின் உயிரால் மட்டும் நினைவில் நின்றது. எவரேனும் பலகையைக் குடைந்து பார்த்தால் மின்னோட்டம் அறுந்து எண் அழியும், நல்ல ஏற்பாடுதான். ஆனால் மின்கலத்துக்கும் ஆயுள் உண்டே! எவரும் தொடாமல் ஒரு மூலையில் கிடந்த பலகையிலும் ஒருநாள் மின்கலம் வற்றியது, திறவெண் மறைந்தது, ஆட்டம் செத்தது. பெரும்பொருள் கொடுத்து வாங்கிய கூடத்தார் கையில் பயனற்ற பலகையே எஞ்சியது. அம்மின்கலத்துக்கு ஆர்வலர் 'தற்கொலை மின்கலம்' என்றே பெயரிட்டனர். அரித்துப்போகும் ஓலையைப் பார்த்தவர் படியெடுத்தார். இங்கோ படியெடுக்க முடியாமையே பலகையின் சிறப்பாக இருந்தது.

2001ஆம் ஆண்டு முதல் ஆர்வலர் சிலர், மின்கலம் உயிரோடிருந்த பலகைகளைத் தேடிப் பிடித்து, அவற்றின் நிரலை மறைநீக்கிப் படியெடுத்தனர். 2007ஆம் ஆண்டில் மறையெழுத்தின் முறை முழுவதும் விளங்கிற்று. செத்த பலகைகள் பலவற்றுக்கு இப்போது மீண்டும் உயிரூட்ட முடிகிறது.